அறுவை சிகிச்சையில் கூடுதல் ஆக்சிஜன்: காயத்தில் தொற்று வராமல் தடுக்க எதை எந்த வரிசையில் செய்வது

அறுவை அரங்கில் மிக எளிதான வேலை ஆக்சிஜன் குமிழைத் திருகுவது. அதனாலேயே புதிதாக வரும் மயக்கவியல் மாணவர்களும் டெக்னீசியன்களும் அதை முதலில் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். மானிட்டரில் உள்மூச்சு ஆக்சிஜன் 80 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்க, நோயாளியின் உடல் 35 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஆக்சிஜன் நுரையீரலுக்கு வந்தது, ரத்தத்திலும் ஏறியது. ஆனால் தோலின் ரத்தக் குழாய்கள் குளிரில் சுருங்கிவிட்டதால் வெட்டிய ஓரத்துக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஆக்சிஜனைக் கூட்டும் படி நடுவில்தான் வருகிறது. பெரியவர் ஒருவருக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் பொருத்திய முழு மயக்கத்தில் பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைக்கும் அறுவையை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். இந்தச் சிகிச்சை பற்றிய முக்கியமான ஆய்வுகளில் பல அப்படிப்பட்ட நோயாளிகளிடம்தான் நடந்தன. ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் அவருடைய மயக்கவியல் மருத்துவர். அந்த முடிவைப் பிழையில்லாமல் நிறைவேற்றுவது எப்படி என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

## 1. ஆக்சிஜன் காயத்தில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

தோலை வெட்டும் கணத்திலிருந்து கிருமிகள் காயத்துக்குள் போகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள், ஆக்சிஜனைக் கொண்டு நச்சு மூலக்கூறுகளை உருவாக்கித்தான் அவற்றைக் கொல்கின்றன. வெட்டுப்பட்ட ஓரத்தில் நுண்குழாய்கள் அறுந்திருப்பதால், ஆக்சிஜன் மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில் அதன் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கிறது. காயத்தில் தொற்று நிலைகொள்ளுமா என்பது பெரும்பாலும் அறுவையின் நேரத்திலும் அதையடுத்த சில மணி நேரத்திலும் தீர்மானமாகிவிடுவதால், நாம் செய்யக்கூடியதும் அந்த இடைவெளிக்குள்தான் அடங்கும்.

இங்கே புதியவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: சாட்டுரேஷன் (ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதம்) ஏற்கெனவே 100 இருக்கும்போது கூடுதல் ஆக்சிஜன் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின் 10 கிராம் உள்ளவரின் ஒவ்வொரு 100 மி.லி. ரத்தத்திலும் ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜன் 13.4 மி.லி. தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசமாக இருக்கும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜன் 0.3 மி.லி.; அழுத்தத்தை 400-க்கு உயர்த்தினாலும் அது 1.2 மி.லி. ஆகத்தான் கூடும். அளவில் பெரிய லாபம் இல்லை. ஆனால் அறுந்த குழாய்க்கும் வெள்ளணுவுக்கும் இடையிலுள்ள திசுவைக் கடந்து ஆக்சிஜனைத் தள்ளுவது அளவன்று, அழுத்தம். அந்த அழுத்தத்தைச் சாட்டுரேஷன் எண் காட்டுவதில்லை; 100 என்ற அதே எண்ணுக்குப் பின்னால் அழுத்தம் 150 ஆகவும் இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ரத்தமே போகாத இடத்துக்கு அழுத்தமும் போகாது. குளிர், நீர்க்குறைவு, வலி ஆகிய மூன்றும் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. கீழே வரும் படிகளின் வரிசைக்கு இதுவே காரணம்.

## 2. எவ்வளவு கொடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 500 பேரில் 30 சதவீத ஆக்சிஜன் பெற்றவர்களில் 11.2 சதவீதத்தினருக்கும், 80 சதவீதம் பெற்றவர்களில் 5.2 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று வந்தது. 2005-இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வும் அதே திசையில் சென்றது: 24.4 சதவீதத்துக்கு எதிராக 14.9. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் 165 பேரிடம் நடந்த ஆய்வில் 80 சதவீதம் பெற்றவர்களுக்கே தொற்று மிகுதியாக வந்தது. 2009-இல் டென்மார்க்கில் 1,400 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் 19.1-க்கு 20.1 என்று இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடே இல்லை. அந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது, 80 சதவீதம் பெற்ற புற்றுநோயாளிகளிடம் இறப்பு சற்று மிகுதியாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

வழிகாட்டுதல்கள் பிரிந்து நிற்பதும் இதனால்தான். உலக சுகாதார அமைப்பு 2016-இல், குழாய் பொருத்திய முழு மயக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு அறுவையின்போது 80 சதவீதமும், முடிந்தால் அதன்பின் 2 முதல் 6 மணி நேரமும் கொடுக்கும்படி அழுத்தமாகப் பரிந்துரைத்தது. 2018-இல் அந்தப் பரிந்துரையின் அழுத்தத்தைக் குறைத்து நிபந்தனைக்குட்பட்டது என்று மாற்றியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-இல், நுரையீரல் நலமாக உள்ளவர்களுக்கு ஆக்சிஜனைக் கூட்டிக் கொடுங்கள், கூடவே உடல் வெப்பத்தையும் திரவ அளவையும் காத்துக்கொள்ளுங்கள் என்றது. சதவீதம் எதையும் குறிக்கவில்லை. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் சாட்டுரேஷன் 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி ஆக்சிஜன் கொடுத்தால் போதும் என்கிறது.

என் கருத்தைக் கேட்டால்: நுரையீரல் நலமாக உள்ளவருக்கு, குடல் திறக்கப்படும் அறுவையில், வெப்பமும் திரவமும் வலியும் கட்டுக்குள் இருக்கும்போது 80 சதவீதம் கொடுப்பதில் பொருள் இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று கைவிட்டுப் போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், குமிழ் காத்திருக்கட்டும். எந்த முடிவாக இருந்தாலும் அதை உங்கள் துறை ஒரு தாளில் எழுதி அரங்கில் ஒட்டிவைக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை மருத்துவர் 80 வைக்க, செவ்வாய்க்கிழமை மருத்துவர் 40 வைக்க, ரெக்கவரி அறையின் சிஸ்டர் எதைத் தொடர்வது என்று தெரியாமல் நிற்பார்.

## 3. யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதை முந்தைய நாளே பாருங்கள்

கேஸ் ஷீட்டில் இவற்றைத் தேடுங்கள்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் கரியமில வாயு தேங்கும் இயல்புள்ளவருக்கு, தானாக மூச்சுவிடும் நிலையில் சாட்டுரேஷன் இலக்கு 88 முதல் 92 வரைதான். அறுவை முடிந்த பிறகு அவருக்கு இந்த வழிகாட்டியின் எட்டாம் படி பொருந்தாது.

புற்றுநோய்க்கு ப்ளியோமைசின் ஊசி போட்டுக்கொண்டவரா என்று கேளுங்கள். அவர்களுடைய நுரையீரல் மிகை ஆக்சிஜனால் பாதிக்கப்படக்கூடும். தேவையான மிகக் குறைந்த அளவையே கொடுக்க வேண்டும். மருந்தின் பெயர் நோயாளிக்கு நினைவிருக்காது. “கீமோ ஊசி போட்டீர்களா, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கிறதா?” என்று கேட்டு, அதை வாங்கிப் பாருங்கள்.

குறைமாதக் குழந்தைகளுக்கு மிகை ஆக்சிஜன் விழித்திரையைப் பாதிக்கும் என்பதால் பெரியவர்களின் விதியை அவர்களிடம் கொண்டுபோகவே கூடாது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனுக்கும் இதே முறையைக் கடைப்பிடிப்பதுதான் பரவலான தவறு. விழித்திருக்கும் நோயாளிக்கு மாஸ்க் வழியாகக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தொற்று குறையவில்லை. அவருக்குச் சாட்டுரேஷன் குறைந்தால் ஆக்சிஜன் கொடுங்கள். தொற்றைத் தடுக்கும் மருந்தாக அதைக் கொடுக்க வேண்டாம்.

அதே நாளில் நோயாளியின் சர்க்கரை, ஹீமோகுளோபின், புகைப்பழக்கம் ஆகியவற்றையும் பாருங்கள். சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 200 மி.கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். புகைப்பதை 4 வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தால் நல்லது. அது முடியாமற்போனாலும் கடைசி ஒரு நாள் நிறுத்துவதுகூட ஹீமோகுளோபினைப் பிடித்துவைத்திருக்கும் கார்பன் மோனாக்சைடைக் குறைக்கும். முடியை நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கிளிப்பர் மட்டும் பயன்படுத்துங்கள். சவரக் கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுக் கிருமிக்கு இடம் கொடுக்கிறது.

## 4. வாயு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் வரும் என்று கணக்கிடுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் ரெக்கவரி அறையில் திண்டாடுகிறார்கள்.

நம் மருத்துவமனைகளில் பி வகைச் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டரும், டி வகைப் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டரும் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் முழு பி சிலிண்டர் இரண்டரை மணி நேரம் வரும். பாதி காலியானது ஒன்றேகால் மணி நேரம்தான். அறுவைக்குப் பின் 2 மணி நேரம் கொடுக்க வேண்டுமானால், பாதி சிலிண்டரை நம்பி நோயாளியை வெளியே கொண்டுவரக்கூடாது. புதுச் சிலிண்டரை மாட்டுவதற்கு முன் வால்வை லேசாகத் திறந்து தூசியை ஊதி வெளியேற்றுங்கள். எண்ணெய், கிரீஸ், கையில் ஈரமாக இருக்கும் சானிடைசர் எதுவும் அந்த வால்வுக்கு அருகில் வரக்கூடாது.

மருத்துவமனையில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பி.எஸ்.ஏ. ஆலை இருந்தால், குழாயில் வருவது சுமார் 93 சதவீத ஆக்சிஜன். அரங்கில் “100” என்று வைத்தாலும் அளவுமானி 93 காட்டுவதைப் பார்த்துக் கருவி பழுது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும் ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் கருவியால் பை வைத்த மாஸ்கை நிரப்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மயக்க இயந்திரத்தில் மருத்துவக் காற்று இணைப்பு உண்டா என்று பாருங்கள். பழைய பாயில்ஸ் மெஷின்கள் பலவற்றில் ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் மட்டுமே இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு 70 சதவீதம் போனால் ஆக்சிஜனுக்கு மிஞ்சும் இடம் 30 தான். காற்று இல்லாத இயந்திரத்தில் 80 சதவீதம் என்பது நடைமுறையில் அமையாது; அங்கே இருக்கும் வசதியை வைத்து மயக்கவியல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஆக்சிஜன் அளவுமானியை அன்று காலையிலேயே அறைக் காற்றில் 21 காட்டுகிறதா என்று சரிபாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் பின்வரும் எண்கள் எல்லாம் வெறும் ஊகம்.

## 5. மயக்கத்துக்கு முன் அரை மணி நேரம் நோயாளியைச் சூடாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

மயக்க மருந்து உடலுக்குள் போனதும் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் நடுப்பகுதியில் இருந்த வெப்பம் கை கால்களுக்குப் பரவுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒரு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். இறங்கிய பிறகு போர்வை போட்டு ஏற்றுவது மெதுவாகத்தான் நடக்கும். கை கால்களை முன்பே சூடாக்கிவிட்டால், பரவுவதற்குக் காரணமான வேறுபாடே குறைந்துவிடுகிறது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில் இயல்பான வெப்பத்தில் வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும், 34.7 டிகிரி வரை குளிர விடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று வந்தது.

நம் அரங்குகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். காலை 7 மணிக்கு மெல்லிய பருத்தி கவுன் ஒன்றை மாட்டி, ஏ.சி. ஓடும் தாழ்வாரத்தில் ஸ்டீல் டிராலியில் படுக்க வைக்கிறோம். முந்தைய கேஸ் நீளுகிறது. 9 மணிக்கு உள்ளே கொண்டுபோகும்போது கை சில்லென்று இருக்கிறது. நரம்பு தெரியவில்லை என்று ஊசி குத்துபவர் அலுத்துக்கொள்கிறார். நரம்பு சுருங்கியதும் தோலுக்கு ரத்தம் போகாததும் ஒரே காரணத்தால்தான்.

செய்ய வேண்டியவை: வெப்பக் காற்றுப் போர்வையை அரை மணி நேரம் முன்பே போடுங்கள், அது இல்லாவிட்டால் தலை, தோள், கை கால்களை இரண்டு உலர்ந்த கம்பளியால் மூடி வையுங்கள். மயக்கம் தொடங்கி டிரேப் (நோயாளியை மூடும் அறுவைத் துணி) விரிக்கும்வரை ஏ.சி.யைக் கூட்டாதீர்கள். நரம்பில் ஏற்றும் திரவமும் வயிற்றைக் கழுவும் சலைனும் சூடாக்கியவையாக இருக்கட்டும். வெப்பத்தை உணவுக்குழாயில் அல்லது மூக்கின் பின்பகுதியில் வைக்கும் உணரியால் அளந்து 36 டிகிரிக்குக் கீழே போகவிடாதீர்கள். நெற்றியில் காட்டும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டரின் எண்ணை அரங்கில் நம்ப வேண்டாம்.

## 6. ஆண்டிபயாடிக்கைக் கத்தி தொடுவதற்கு முன் முடியுங்கள்

ஆக்சிஜனும் ஆண்டிபயாடிக்கும் ஒரே ரத்தத்தில்தான் காயத்துக்குப் போகின்றன. செஃபசோலின் போன்ற மருந்தை வெட்டுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் முழுவதும் ஏற்றிவிட வேண்டும். குடல் அறுவை என்றால் காற்றில்லாச் சூழலில் வாழும் கிருமிகளுக்கான மருந்தும் சேர வேண்டும். வார்டிலேயே காலை 6 மணிக்குப் போட்டு அனுப்பிவிடுவது இங்கே நடக்கும் தவறு. அறுவை 4 மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒன்றரை லிட்டர் ரத்தம் இழந்தாலோ செஃபசோலினை மறுபடி கொடுக்க வேண்டும்; அந்த நேரத்தை வெள்ளைப் பலகையில் எழுதி வைத்தால் யாராவது ஒருவர் கண்ணில் படும்.

## 7. மயக்கம் கொடுத்துக் குழாய் பொருத்திய பின் ஆக்சிஜனை 80-க்குக் கொண்டுவாருங்கள்

முதலில் நெருக்கமாகப் பொருந்திய மாஸ்க் வழியாக 100 சதவீதம் கொடுத்து நுரையீரலின் இருப்பை நிரப்புங்கள். இது குழாய் பொருத்தும்வரை நோயாளியைக் காக்கும் ஏற்பாடு. தொற்றுத் தடுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. குழாயின் இடம் உறுதியானதும் 100-இலேயே விட்டுவிடாதீர்கள். காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் எளிதில் கரையாமல் நுரையீரல் அறைகளைத் திறந்து வைத்திருக்கிறது. அது முழுவதும் வெளியேறிவிட்டால் ஆக்சிஜன் உறிஞ்சப்பட்ட அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். 80-இல் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலவைக் கணக்கு இது. 3 லிட்டர் ஆக்சிஜனோடு 1 லிட்டர் காற்றைக் கலந்தால், காற்றிலுள்ள 0.21 லிட்டரும் சேர்ந்து 4 லிட்டரில் 3.21 லிட்டர் ஆக்சிஜன், அதாவது 80 சதவீதம். பி.எஸ்.ஏ. ஆலையின் ஆக்சிஜன் என்றால் இதே கலவை 75 தான் தரும்.

இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். குழாய் பொருத்தியதும் மருந்து மிச்சமாகட்டும் என்று மொத்த ஓட்டத்தை 1 லிட்டருக்குக் குறைப்பார்கள்; கலவை 80 தானே, மாறாது என்று நினைப்பார்கள். உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. உள்ளே போன 800 மி.லி. ஆக்சிஜனில் 250 கழிந்தால் மிச்சம் 550; மொத்த வாயுவில் மிச்சம் 750. மயக்க இயந்திரத்தின் மூச்சுச் சுற்றில் திரும்பி வருவது 73 சதவீதம். எனவே ஃப்ளோமீட்டரில் (வாயு ஓட்டத்தை அளக்கும் கருவியில்) வைத்த கலவையைக் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். உள்மூச்சில் அளவுமானி காட்டும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். குறைந்திருந்தால் ஆக்சிஜனின் பங்கைக் கூட்டுங்கள்.

வெண்டிலேட்டரில் மூச்சின் அளவை உயரத்துக்கு ஏற்ற எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. என்று வைத்து, மூச்சின் முடிவில் சிறிது அழுத்தம் நிலைக்கும்படி அமையுங்கள். இதுவும் நுரையீரல் அறைகள் மூடாமலிருக்கத்தான்.

பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை, ஆக்சிஜன் எண்ணோடு வெப்பம், ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு ஆகியவற்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். ரத்த அழுத்தம் இறங்கிய நேரத்தில் 80 சதவீதத்தால் பயனில்லை. திரவத்தை அளவுக்கு மீறி ஏற்றினாலும் திசு வீங்கி ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் கூடிவிடும். “சும்மா இன்னொரு பாட்டில் போகட்டும்” என்பது இரக்கமாகத் தோன்றினாலும் காயத்துக்கு நல்லதன்று.

தீ பற்றி ஓர் இடைக்குறிப்பு. அடைப்புப் பையுள்ள குழாய் பொருத்தி வயிற்றில் செய்யும் அறுவையில் ஆக்சிஜன் சுற்றுக்குள்ளேயே இருப்பதால் ஆபத்து குறைவு. தலை, முகம், கழுத்து, தொண்டை என்றால் கதையே வேறு. மூக்கு வழியாகவோ மாஸ்க் வழியாகவோ திறந்தவெளியில் போகும் ஆக்சிஜன் டிரேப்புக்கு அடியில் தேங்கி, காட்டரியின் (மின்சாரத்தால் திசுவைச் சுட்டு வெட்டும் கருவியின்) ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அங்கே 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தொண்டையில் துளையிடும்போது மூச்சுக்குழாயைக் காட்டரியால் திறப்பதும் அப்படித்தான் ஆபத்தானது. நான் பார்த்த ஒரு கேஸில், கன்னத்தில் சிறு கட்டியை எடுக்கும் முன் உதவிக்கு வந்தவர் பழக்கத்தில் முகத்து மாஸ்கை 8 லிட்டரில் வைத்துவிட்டார். காட்டரி பெடலில் கால் வைக்கப்போன சமயத்தில் சிஸ்டர் ஒருவர் சத்தம் போட்டு நிறுத்தினார். எந்த அறுவையானாலும் ஸ்பிரிட் கலந்த மருந்தால் துடைத்த தோல் குறைந்தது 3 நிமிடம் உலரட்டும். தொப்புளிலும் முதுகுக்கு அடியிலும் தேங்கியதைத் துடைத்து எடுங்கள்.

## 8. குழாயை எடுத்த பிறகு முதல் 2 மணி நேரத்தைக் கைவிடாதீர்கள்

குழாயை எடுக்கும்போது 100 சதவீதம் வைப்பது வழக்கம், அது பாதுகாப்புக்காக. எடுத்ததும் பை வைத்த மாஸ்கைப் போட்டுவிட்டுத்தான் டிராலியை நகர்த்த வேண்டும். அரங்கிலிருந்து ரெக்கவரி அறைக்கு 20 அடிதானே என்று வெறும் முகத்தோடு தள்ளிக்கொண்டு போவதும், லிஃப்டுக்காக அங்கே நிற்பதும் பார்த்துப் பழகிய காட்சி.

பை வைத்த மாஸ்கைப் பொருத்தும் முறை: ஃப்ளோமீட்டரை 10 முதல் 15 லிட்டருக்குள் வையுங்கள். மாஸ்கின் உட்பக்க வால்வைக் கட்டைவிரலால் மூடிப் பை முழுவதும் உப்பும்வரை காத்திருங்கள். பிறகு முகத்தில் வைத்து மூக்குப் பாலத்தின் மேலுள்ள தகட்டை அழுத்தி, நாடாவை இறுக்குங்கள். நோயாளி மூச்சை இழுக்கும்போது பை சற்றே சுருங்கி மறுபடி உப்ப வேண்டும். முழுவதும் ஒட்டிப்போனால் ஓட்டம் போதவில்லை. இவ்வளவு செய்தாலும், தளர்வான மாஸ்கில் 80 சதவீதம் கிடைப்பது அரிது. 60 முதல் 80-க்குள் எங்கோ இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கில் செருகும் மெல்லிய குழாயில் 4 லிட்டர் விட்டால் 36 சதவீத அளவில்தான் கிடைக்கும், இரண்டும் ஒன்றன்று.

ஒரு நாள் ரெக்கவரி அறையில் ஃப்ளோமீட்டரின் பந்து சரியாகப் 10-இல் நிற்க, மாஸ்கின் பை தட்டையாகக் கிடந்தது. மாஸ்கை மாற்றினார்கள், அதுவும் தட்டை. கோளாறு இடையில் இருந்தது: ஈரப்பதக் குப்பியின் மூடி மரை மாறி ஏறியிருந்ததால் வாயு அங்கேயே வெளியேறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: மாஸ்கை மாட்டுவதற்கு முன் குழாயை இரு விரலால் மடித்து நெரியுங்கள். கசிவு இல்லாத குப்பியாக இருந்தால் அதன் பாதுகாப்பு வால்வு விசிலடிக்கும். விசில் கேட்காவிட்டால் மூடியைக் கழற்றி நேராக மாட்டுங்கள். சில மணி நேரத்துக்கு மட்டும் மாஸ்க் வைக்கப்போகிறீர்கள் என்றால் அந்தக் குப்பியே தேவையில்லை. பல நாள் மாற்றாத தண்ணீரில் கிருமி வளர்ப்பது யாருக்கும் உதவாது. பந்து வகை ஃப்ளோமீட்டரில் அளவைப் பந்தின் நடுவில் படிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குளிர் நடுக்கத்தைக் கவனியுங்கள். நடுங்கும் உடல் ஆக்சிஜனைப் பலமடங்கு எரிக்கிறது. தோலின் குழாய்களும் சுருங்கியே இருக்கும். போர்வையை ரெக்கவரி அறையிலும் தொடருங்கள். வலிக்கு மருந்து கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூடுதல் ஆக்சிஜனின் பெரிய மறைமுக ஆபத்து இந்த 2 மணி நேரத்தில்தான் இருக்கிறது. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்து பெற்றவர் மூச்சை மெல்லக் குறைத்துக்கொண்டே போனாலும், மிகை ஆக்சிஜன் காரணமாகச் சாட்டுரேஷன் நீண்ட நேரம் 99-இலேயே நிற்கும். கரியமில வாயு மட்டும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். மானிட்டர் அலறும்போது நோயாளி மோசமாகியிருப்பார். ஆகவே சிஸ்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ண வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் வசதி உள்ள மாஸ்க் இருந்தால் இன்னும் நல்லது.

## 9. எப்போது நிறுத்துவது என்பதையும் உத்தரவில் எழுதுங்கள்

“ஆக்சிஜன் தொடரவும்” என்று மட்டும் எழுதினால் மறுநாள் காலைவரை ஓடும், அல்லது நோயாளியின் உறவினர் “மூச்சு முட்டுதுன்னு சொல்றாங்க” என்றதும் கழற்றப்படும். மாஸ்கின் வகை, லிட்டர், தொடங்கிய நேரம், முடிக்கும் நேரம், குறைக்கும்போது காக்க வேண்டிய சாட்டுரேஷன் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். துறை 2 மணி நேரம் என்று முடிவு செய்திருந்தால் 2 மணி நேரம். அதன் பிறகு குறைத்து, அறைக் காற்றில் 95-க்கு மேல் நின்றால் நிறுத்திவிடலாம். நிற்கவில்லை என்றால் அது தொற்றுத் தடுப்பைப் பற்றிய கேள்வி அன்று. நுரையீரல் ஏன் தடுமாறுகிறது என்று மருத்துவர் வந்து பார்க்க வேண்டும்.

மாஸ்க் ஏன் இருக்கிறது என்று உடனிருக்கும் உறவினருக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். மூக்கை அழுத்துகிறதே என்று அன்பினால் கழற்றிவிடுபவர்கள் அவர்கள்தான்.

## 10. முப்பது நாள் கழித்து எண்ணிப் பாருங்கள்

காயத்தில் தொற்று வந்ததா என்பதை டிஸ்சார்ஜ் நாளன்று முடிவு செய்ய முடியாது. பொதுவான கணக்கு 30 நாள். உள்ளே கருவி ஏதேனும் பொருத்திய அறுவைகளுக்கு 90 நாள். நம் ஊரில் பெரும்பாலோர் தையல் பிரிக்க வந்ததோடு சரி. பிறகு சீழ் வந்தால் வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் கட்டுப்போட்டுக்கொள்வார்கள். அதனால் அறுவை முடிந்த 30-ஆம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ வந்ததா, யாராவது அதைத் திறந்துவிட்டார்களா, அதற்காக மாத்திரை அல்லது ஊசி போட்டுக்கொண்டீர்களா.

பதிலை, அறுவையின்போது எழுதிய வெப்பம், உள்மூச்சு ஆக்சிஜன், ஆண்டிபயாடிக் கொடுத்த நேரம் ஆகியவை இருக்கும் அதே வரியில் எழுதுங்கள். தனி நோட்டில் எழுதினால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. ஐம்பது கேஸ் சேர்ந்ததும் துறைக் கூட்டத்தில் அந்தப் பக்கங்களைப் புரட்டி, சீழ் வந்த ஒவ்வொருவருக்கும் முதலில் வெப்பக் கட்டத்தைப் பாருங்கள், அடுத்து ஆண்டிபயாடிக் நேரத்தை, அதன் பிறகு ஆக்சிஜன் எண்ணை.